வலது பக்கச் சுவிட்ச்

அடுப்படிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு சுவிட்சுகள். இடது பக்கத்தது வெளி விளக்குக்கு, வலது பக்கத்தது வெளிச் சுவரில் இருக்கும் பிளக்குக்கு. அந்தப் பிளக்கிலிருந்து ஒரு மஞ்சள் வயர் பனிக்கு மேலால் போய், காரின் மூக்குக்குள் நுழைந்து, எஞ்சினோடு ஒட்டிக்கிடக்கிற ஹீற்றருக்கு மின்சாரம் கொடுக்கும். இரவு முழுக்க அந்த ஹீற்றர் எஞ்சினைச் சூடாக வைத்திருந்தால்தான் மனிட்டோபாவின் ஜனவரியில் கார் கிளம்பும், இல்லாவிட்டால் அது கார் இல்லை, வாசலில் கிடக்கிற இரும்பு. இந்த நாட்டுச் சுவிட்சு மேல்நோக்கி நின்றால்தான் மின்சாரம் ஓடும். விடிய ஐந்து மணிக்குத் தேத்தண்ணி வைக்க வந்த தவமலர், வலது பக்கச் சுவிட்சு கீழ்நோக்கிக் கிடப்பதைக் கண்டாள். கண்டதும் கை தானாகப் போய் அதை மேலே தட்டிவிட்டது. நேற்று ஒன்பது மணிக்கு அவளே தன் கையால் போட்டுவிட்டுப் படுத்தாள். எத்தனை மணியிலிருந்து கிடக்கிறது இப்படி? பத்திலிருந்தா, பன்னிரண்டிலிருந்தா? யன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானி மைனஸ் முப்பத்தொன்பது என்றது. எட்டரைக்குள் புருஷன் குலசேகரத்தை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடவேண்டும், அறுபத்தெட்டுக் கிலோமீற்றர், இந்தத் தெருவில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஆகவே ஏழேகால். ஏழேகாலுக்குக் கார் நகர வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதருக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசியாக மெஷினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்தார்கள், திங்கட்கிழமை பனிப்புயலில் பெருந்தெருவை மூடிவிட்டார்கள், இன்றைக்குப் புதன். ஐந்து நாள். விரலை மடித்து மடித்து எண்ணினாள், எப்படி எண்ணினாலும் ஐந்துதான் வந்தது. கேத்தில் கொதித்துத் தானாக நின்றது. அவள் தேத்தண்ணி போடவில்லை.

முதலில் போர்வை. அறைக்குள் போய் அவருடைய கால்மாட்டில் மடித்துக் கிடந்த தடித்த மெத்தைப் போர்வையைச் சத்தமில்லாமல் இழுத்தாள், மகள் ரொறன்ரோவிலிருந்து அனுப்பியது, நீலப் பூப் போட்டது, அழுக்காகும் என்று இவ்வளவு நாளும் விருந்தாளிக்குக்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தாள். அவர் நாலு தலையணையில் சாய்ந்து இருந்தபடி நித்திரை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஞாயிறிலிருந்து இப்படித்தான். அந்த மூச்சின் சத்தம், கரகரவென்று அடியில் தண்ணீர் கிடக்கிற சத்தம், அதைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். நிற்க நேரமில்லை. இரண்டு காற்சட்டை, காலுக்கு இரண்டு சோடி மேசு, சப்பாத்து, கோட்டு, தொப்பி, முகத்தைச் சுற்றிச் சால்வை. வெளியே போய்ப் போர்வையைக் காரின் மூடிக்கு மேல் விரித்து நாலு பக்கமும் பனிக்கட்டியை வைத்து அமத்தினாள். ஹீற்றரின் சூடு மேலே போய்விடாமல் உள்ளே நிற்கட்டும். குனிந்து காதை வைத்துக் கேட்டாள், ஹீற்றர் மெல்லச் சீறத் தொடங்கியிருந்தது, ஆக அது உயிரோடு இருக்கிறது, வயரும் உயிரோடு இருக்கிறது, பிழை சுவிட்சில் மட்டும்தான். இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம் கொடுக்கலாம். பக்கத்து வீட்டு வால்ட்டர் மூன்று மணித்தியாலம் என்பான், மைனஸ் நாற்பதுக்கு நாலு என்பான். அவனிடம் பெரிய ட்ரக் ஒன்று இருக்கிறது, ஒரு குரல் கொடுத்தால் ஏற்றிக்கொண்டு போவான், ஆனால் கிறிஸ்மஸுக்குத் தெற்கே தன் மகள் வீட்டுக்குப் போனவன் பங்குனியில்தான் வருவான். தேவைப்படும் நாளில் வெய்யில் காய்கிறான் மகராசன். அவன் சொல்லித் தந்ததெல்லாம் மட்டும் இங்கே இருக்கிறது, அவளுடைய தலைக்குள்: பெற்றோல் பாதித் தாங்கிக்குக் கீழே இறங்க விடாதே, வாசலுக்கு வரும்போது எஞ்சினைக் காற்றுக்கு முதுகு காட்ட நிறுத்து, கிளப்பும்போது விளக்கு, வானொலி, விசிறி எல்லாம் நிறுத்தியிருக்க வேண்டும், பெடலை மிதிக்காதே, பத்து விநாடிக்கு மேல் திறப்பைத் திருப்பிப் பிடிக்காதே. மைனஸ் முப்பத்தைந்தைத் தாண்டினால் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்கவை. படுக்கவை என்றுதான் சொன்னான். நேற்று அவள் அதைச் செய்திருந்தாள், பதினாறு கிலோவை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, தேங்காய் துருவுகிற இடத்தில் பலகை போட்டு அதன் மேல். அதோ இருக்கிறது, சோறு ஆக்குகிற குக்கருக்குப் பக்கத்தில், வீட்டுச் சூட்டில், நல்ல பிள்ளையாய். பற்றரி சரி. எண்ணெய்தான் இறுகியிருக்கும், சீனிப் பாணிபோல் கிடக்கும். எஞ்சின் சுற்ற மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஒரு தடவை, கூடினால் இரண்டு தடவை, அதற்கு மேல் பற்றரி தாங்காது. அவசரப்பட்டு ஏழுக்கு முன் கை வைத்தால் எண்ணெய் இளகாது, பிந்தினால் ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டில் வேறு ஆளுக்குப் போகும். ஏழேகால். வேறு கணக்கே இல்லை, ஏழேகால்தான்.

இனிக் காத்துக்கொண்டு இருக்க வேண்டும். வேலை செய்வதைவிட இருப்பது பொல்லாதது. அடுப்படிக் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தாள், எதிரே சுவிட்சு, அது தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகப் பட்டது. கோபம் அப்போதுதான் வந்தது, வந்ததும் அழகாய் வரிசையில் நின்று வந்தது. இந்த மனிதர் இருக்கிறாரே. படுக்கப் போகுமுன் வீடு முழுக்க ஒரு சுற்று. ரீவி வயரைப் பிடுங்கு, ரொட்டி சுடுகிற மெஷின் வயரைப் பிடுங்கு, குக்கர், ரேடியோ, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுகிற வயர், எல்லாவற்றையும் பிடுங்கு. மின்னல் வந்தால் என்கிறார். மைனஸ் முப்பத்தொன்பதில் மின்னல்! பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் கத்தி பிடித்த மனிதர், இப்போது வீட்டில் அவருக்கென்று மிஞ்சியிருக்கிற ஒரே உத்தியோகம் வயர் பிடுங்குவது, அதையும் கெடுப்பானேன் என்று அவள் பேசாமல் விட்டிருந்தாள். பேசியிருக்க வேண்டும். இன்றைக்குப் பேசுவாள். கார் கிளம்பினாலும் பேசுவாள், கிளம்பாவிட்டாலும் பேசுவாள். முதலில் இதைச் சொல்லவேண்டும்: என்னைக் கொன்றுபோட்டுப் போங்கோ. இல்லை, அது வேண்டாம், அந்தச் சொல் இன்றைக்கு வேண்டாம். நான் மாடு மாதிரி பற்றரி சுமக்கிறன், நீங்கள் ஒரு விரலால கெடுக்கிறியள். அது நல்லது. அதற்குப் பிறகு மாங்காய் ஊறுகாய் விஷயம், உப்பும் பொட்டாசியமும் ஆகாது என்று டொக்டர் சொல்லச் சொல்ல, சனிக்கிழமை போத்தலுக்குள் விரல் விட்டு நக்கியது, தெரியாதென்று நினைக்கிறார். ஏச்சு இப்படி அடுக்கடுக்காய் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு இடத்தில் வந்து சிக்கியது. ஆறு மாரியாய் இந்தச் சுற்றுப் போகிறார். ஆறு மாரியிலும் ஒருநாள்கூட வலது பக்கச் சுவிட்சில் கை வைத்ததில்லை. ஒருநாள்கூட. அவள் போட மறந்து படுத்த இரவுகளில் எழும்பிப் போய்ப் போட்டவர்கூட அவர்தான். அப்படியானால் ராத்திரி என்ன நடந்தது? அழுக்கு இரத்தம் மூளைக்கு ஏறினால் ஆள் தடுமாறும் என்று தாதி சொல்லியிருந்தாள், நாளை மறப்பார், இடத்தை மறப்பார், பெயரை மறப்பார், கவனி. நேற்றுப் பின்னேரம் அவர் தவமலரை ஒரு தடவை பெரியக்கா என்றாரே. அரை நித்திரை என்று நினைத்தாள். அரை நித்திரைதான். அரை நித்திரையாக இருக்கவேண்டும். சுவிட்சை அணைத்தது வெறும் கவலையீனமாக இருக்கட்டும் கடவுளே, என் மனுஷன் கவலையீனமானவனாகவே இருக்கட்டும். ஐந்து ஐம்பது. எழும்பிப் போய்ப் பற்றரியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

அவர் கார் கிளப்பின காலமும் ஒன்று இருந்தது. தொண்ணூற்றிரண்டு, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம், கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் கிளம்பாது. கிளப்புவதற்கு மட்டும் நாலு துளி பெற்றோல் வேண்டும், அந்த நாலு துளியை ஆட்கள் மருந்துப் போத்தலில் அடைத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். மகள் வயிற்றிலிருந்து வெளியே வர நின்ற பின்னேரம், சின்ன மாமாவின் பழைய ஏ-ஃபோட்டிக் காரின் மூடியைத் திறந்துவிட்டு, பிள்ளைக்கு மருந்து பருக்குகிற துளிக்குழாயால் பெற்றோலை இழுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எண்ணிக் காபரேற்றருக்குள் விட்டவர் இதே குலசேகரம்தான். அவள் பின் சீற்றில் கிடந்து உயிர் போகிற நோவில் கத்துகிறாள், இவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அது அவளுக்குப் பெரிய குறை, பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இந்த மனிதருக்குக் கார்தான் பெரிது. கனகாலம் சொல்லிக் காட்டியிருக்கிறாள். இப்போது கதிரையில் கோட்டோடு இருக்கும்போது அது விளங்கியது. திரும்பிப் பார்த்திருந்தால் கை நடுங்கியிருக்கும், கை நடுங்கினால் துளி கீழே விழும். அவளும் இப்போது அறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அறையிலிருந்து மூச்சு வந்துகொண்டிருந்தது, கர், கர், இடையில் ஒரு தடவை நின்றது, அவளுடையதும் நின்றது, பிறகு கர் என்று வந்தது. வந்தால் சரி. நீ மூச்சை விடு, நான் காரைப் பார்க்கிறேன். ஆறு பத்து.

ஆறரைக்குத் தொலைபேசி, மகள் யாழினி, ரொறன்ரோவில் அப்போது ஏழரை, வேலைக்குப் போகிற வழி. "அம்மா, வெளிக்கிட்டாச்சோ?" என்றாள். சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தாள், ஆனால் தவமலருக்குப் பொய் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். "கார் இன்னும் சூடாகேல்லை. சுவிட்சு நிண்டுபோச்சு," என்றாள். யார் நிறுத்தியது என்று சொல்லவில்லை. "அம்மா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. இப்பவே கூப்பிடுங்கோ." "கூப்பிட்டால் இஞ்ச இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் பிள்ளை கொண்டுபோவினம். அங்க மெஷின் இல்லை. பேந்து அங்கயிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்ப கொண்டுபோறது? இண்டைய நாள் போயிடும்." "கார் கிளம்பாட்டி?" "கிளம்பும்." "அம்மா, கிளம்பாட்டி?" "ஏழரைக்குக் கிளம்பாட்டிக் கூப்பிடுவன். மூச்சு மோசமெண்டால் இப்பவே கூப்பிடுவன். நான் விசரி இல்லை." மறுபக்கத்தில் பிள்ளை அழுகிறாள் என்று தெரிந்தது. எத்தனை தடவை சொன்னாள், அங்கே வாங்கோ, ரொறன்ரோவில் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி, சொந்தக்காரர், கோயில், கத்தரிக்காய். வராமல் விட்டது யார்? இவர்தான். வேலை கொடுத்த ஊர், வீடு வாங்கின ஊர், இந்த வயதில் மகளின் நிலக்கீழ் அறையில் போய் ஒடுங்க மாட்டேன் என்ற வீம்பு. வீம்பு அவருக்கு மட்டுமா? தனக்கும் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். "அழாத," என்றாள். "எனக்கு அழ இப்ப நேரமில்லை, நீயும் அழாத. எட்டரைக்கு எடு." ஃபோனை வைத்தபின் கண்ணைத் துடைத்தாள், துடைத்ததைப் பார்க்க அங்கே யாருமில்லை.

ஏழு மணி. அவரை எழுப்பி உடுப்பைப் போட்டு, சப்பாத்தைப் போட்டு, வீங்கின கால் அதற்குள் போகாமல் நாடாவை அவிழ்த்துத் திணித்து, கட்டிலில் இருத்திவிட்டு, "கூப்பிடேக்க வாங்கோ, அதுவரைக்கும் அசையாதேங்கோ," என்றுவிட்டுப் பற்றரியைத் தூக்கினாள். வெளிக் காற்று முகத்தில் அறைந்தது, மூக்குக்குள் மயிர் இறுகி நெறுநெறுத்தது. போர்வையைத் தூக்கி மூடியைத் திறந்து எஞ்சின் மேல் கையுறையைக் கழற்றிக் கையை வைத்தாள். சூடென்று சொல்ல முடியாது. சாவுக் குளிர் இல்லை, அவ்வளவுதான். பற்றரியை அதன் இடத்தில் இறக்கினாள். வயரில் முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. கழற்றும்போது கறுப்பு முதல், பூட்டும்போது சிவப்பு முதல், சிவப்பு முதல், சிவப்பு முதல் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஸ்பானர் விரலோடு ஒட்டியது, கையுறை போட்டால் நட்டு வழுக்கியது, ஆகவே ஒட்டட்டும், தோல்தானே. மூடியைச் சாத்தி ஹீற்றரின் மஞ்சள் வயரைக் கழற்றிச் சுருட்டிவிட்டு உள்ளே ஏறினாள், சீற்றும் கல்லாய் இறுகியிருந்தது. விளக்கு நிறுத்தம், வானொலி நிறுத்தம், விசிறி நிறுத்தம். திறப்பை அரைவாசி திருப்பிப் பெற்றோல் பம்ப் முனகும்வரை எண்ணினாள். முழுதாய்த் திருப்பினாள். ஊ... ஊ... ஊ... எஞ்சின் ஒவ்வொரு சுற்றையும் யோசித்து யோசித்துச் சுற்றியது. எட்டு, ஒன்பது, பத்து. விட்டாள். கைவிட்டதும் வந்த அமைதி காதை அடைத்தது. இரண்டு நிமிடம் பொறுக்கவேண்டும், பற்றரி மூச்சு வாங்கட்டும். நூற்றிருபது எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு. ஏழு பதினாறு. பயப்படுமுன் இன்னும் ஒரு முயற்சி பாக்கி இருக்கிறது, அது முடிந்தபின் பயப்படலாம். முப்பத்தாறு, முப்பத்தேழு. மற்றப் பக்கக் கதவு திறந்தது. குலசேகரம், தொப்பியைக் காதுக்கு மேல் கோணலாய் இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாய் உள்ளே தூக்கி வைத்து இருந்தார். "என்னப்பா செய்யிறியள்! உள்ளுக்குப் போங்கோ, கார் இன்னும் கிளம்பேல்லை!" "கிளம்பும்," என்றார் அவர், மூச்சு வாங்கி, இடைவெளி விட்டு. "நீர் எப்பிடியும் கிளப்பிப்போடுவீர். நான் ஏன் ரெண்டுதரம் நடப்பான்." எண்ணிக்கை எந்த இடத்தில் நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. எழுபது என்று வைத்துக்கொண்டு மிச்சத்தை எண்ணினாள், பக்கத்தில் அவர் மூச்சு கர் கர் என்று அதற்குத் தாளம் போட்டது. நூற்றிருபது. திருப்பினாள். ஊ... ஊ... ஊ, ஊ, ஊ, நடுவில் ஒரு இருமல், சுற்று வேகமானது, அவள் பெடலை மிதிக்கவில்லை, மிதிக்கச் சொல்லிக் கால் கெஞ்சியது, மிதிக்கவில்லை, இன்னொரு இருமல், கார் முழுக்க நடுங்கியது, பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஓடியது. கரடுமுரடாய், தகரம் உருளும் சத்தத்தோடு, ஆனால் ஓடியது. தவமலர் வாய்விட்டு அழுதாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சால்வைக்குள் மூக்கு ஒழுக ஒழுக, பத்து விநாடி, பதினைந்து விநாடி. பிறகு நிறுத்திக்கொண்டு கியரைப் போட்டாள். ரயர் இரவு முழுக்கப் பனியில் நின்று ஒரு பக்கம் தட்டையாகிப்போய்க் கார் முதல் தெருவில் துள்ளித் துள்ளித்தான் போனது.

பெருந்தெருவில் ஏறியபோது ஏழு இருபத்து மூன்று. இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை, கிழக்கில் மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறம். சரி, இப்போது ஏசலாம். இரண்டு மணித்தியாலமாய் அடுக்கி வைத்த ஏச்சு, ஒன்றுகூடச் சிந்தாமல் இருக்கிறது, மாடு மாதிரி சுமந்ததிலிருந்து ஊறுகாய் வரைக்கும். அவள் வாயைத் திறக்க, அவர் முந்திக்கொண்டார். "ராத்திரி நான் எழும்பிப் பாத்தபடியால்தான் இண்டைக்குத் தப்பினம், தெரியுமோ." "என்னத்தைப் பாத்தனீங்கள்?" "கார்ச் சுவிட்சை. மூச்சு முட்டி எழும்பினனான், எதுக்கும் பாப்பம் எண்டு போனன். பாத்தால் மேல நிக்குது. நீர் பாவம், களைப்பில போட மறந்துபோட்டீர். நான்தான் கீழ தட்டிப் போட்டுவிட்டுப் படுத்தனான்." அவர் முகத்தில் கனநாளைக்குப் பிறகு ஒரு பெருமை. "இல்லாட்டி இந்தக் கார் கிளம்பியிருக்கும் எண்டு நினைக்கிறீரோ?" தவமலர் தெருவையே பார்த்தாள். மேலே நின்றதைக் கீழே தட்டிப் போட்டாராம். யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவரில் கீழே தட்டினால்தான் விளக்கு எரியும். இருபத்திரண்டு வருஷம் இந்த நாட்டுச் சுவிட்சோடு வாழ்ந்த விரல், நேற்று இரவு, மூச்சு முட்டி எழும்பின அந்த நேரத்தில், அந்த வீட்டுக்குப் போய்விட்டது. ஐந்து நாள் அழுக்கு இரத்தத்தோடு, வீங்கின காலை இழுத்துக்கொண்டு, அவளுக்காக எழும்பி, இருட்டில் சுவரைத் தடவித் தடவிப் போய்ப் போட்டிருக்கிறார். போட்டேன் என்று நம்பி நித்திரையும் கொண்டிருக்கிறார். அடுக்கின ஏச்சு முழுக்க நெஞ்சுக்குள் ஒரே தடவையில் இடிந்து விழுந்தது. பயம் வந்தது, அவள் அதுவரை கண்ட பயத்துக்கெல்லாம் மேலான பயம், தாதி சொன்னது இதுதான், இதைத்தான் கவனி என்றாள். கூடவே இந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக் குழறவேண்டும் போலவும் இருந்தது. காரை நிறுத்த முடியாது. நிறுத்தவும் மாட்டாள். கால் பெடலில் கொஞ்சம் கூடுதலாய் அமர்ந்தது. "ஓமப்பா," என்றாள். "நல்ல காலம் நீங்கள் பாத்தது. நான் மறந்தே போனன்." அவர் திருப்தியோடு தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடப் பார்த்தார். "நித்திரை கொள்ளாதேங்கோ! கதைச்சுக்கொண்டு வாங்கோ." "என்னத்தைக் கதைக்க?" "என்னவெண்டாலும் கதையுங்கோ. வாயை மூடாதேங்கோ, அவ்வளவுதான்." அவர் கொஞ்சம் யோசித்தார், மூச்சு எடுத்தார். "முதலாவது, நீர் ஸ்டியரிங் பிடிக்கிற பிடி பிழை," என்று தொடங்கினார். எட்டு இருபத்தெட்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு தாதி ஓடிவந்து கதவைத் திறந்தபோதும், வளைவில் எப்படிப் பிரேக் பிடிக்கவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.